முத்துக்களின் பரோனும் பிலோமி அக்காவும்

இந்தக் காலத்தில் ஒருத்தருக்கும் தங்கள் பெயர் காணாது. முன்னுக்கு ஒன்று வேணும், பின்னுக்கு ஒன்று வேணும். மெல்பேணில் எந்தத் தமிழ் விழா நோட்டீசை எடுத்தாலும் ஆளின் பெயரைக் கண்டுபிடிக்கிறதே பெரும்பாடு. கலாநிதி, சமாதான நீதவான், காப்பாளர், முன்னாள் தலைவர், இந்நாள் ஆலோசகர் என்று ஒரு ரயில் ஓடி முடிந்த பிறகுதான் பெயர் வரும். மேடையில் ஒருத்தர் மற்றவருக்குப் பொன்னாடை போர்த்துவார். அடுத்த மாதம் மற்றவர் இவருக்குப் போர்த்துவார். அந்தச் சால்வைகளை வீட்டில் என்ன செய்கிறார்களோ தெரியாது. குளிருக்குப் போர்த்திக்கொண்டு இருந்த ஒருத்தரையும் நான் கண்டதில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். மன்னாரில் முப்பத்தொரு வருடம் அரசாங்க பஸ் ஓட்டினேன். ஊரில் என்னை 'ட்றைவர் சவரி' என்றார்கள். சவரிமுத்து என்று முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டது கோயில் சாமியாரும் பொலிஸ்காரனும்தான். அந்தப் பெயரோடு எழுபத்தெட்டு வயதுவரை வந்துவிட்டேன். ஒரு குறையும் தெரியவில்லை.

என் மகன் கிளமெண்டுக்குத்தான் தெரிந்தது.

கிளமெண்டுக்கு மல்கிரேவில் ஒரு கம்பனியில் கம்பியூட்டர் வேலை. வீடும் அங்கேதான். என் மனிசி கண்ணை மூடின பிறகு என்னைக் கூப்பிட்டு எடுத்தான். ஏழு வருடமாக அவனுடன் இருக்கிறேன். நல்ல வீடு, நல்ல சாப்பாடு. ஆனால் முன்கதவைத் திறந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அதே நேரம் அவன் போனுக்குச் செய்தி போகும். குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாலும் உடனே எனக்குப் போன் அடிப்பான். "எங்கையப்பா போறீங்கள்?" ஒருநாள் கதவைத் திறந்து மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துவிட்டு மூடினேன். அதற்கும் கேட்டான். விழுந்து கிடந்தால் ஆர் பார்க்கிறது என்பது அவன் நியாயம். நியாயம்தான். கோழிக்கூட்டையும் கோழியின் நன்மைக்குத்தான் பூட்டுகிறோம்.

மருமகள் யுவனேஸ்வரி மலேசியாக்காரி. சைவப் பிள்ளை. ஒரு பல் டாக்டரிடம் வேலை. அவளுக்கு என்னில் பயம் கிடையாது. அதனால் அவள் பேச்சு எனக்குப் பிடிக்கும்.

போன ஜூன் மாதம், நல்ல குளிரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகேந்திரராஜா என்று ஒருவர் வந்தார். கோட்டு, கழுத்துப்பட்டி, கையில் தடித்த கோப்பு ஒன்று. ஆட்களின் பரம்பரையைத் தேடிக் கொடுப்பது அவர் தொழிலாம். கிளமெண்ட் அவரை மூன்று மாதத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டில் பிடித்திருக்கிறான். என்னைக் கதிரையில் இருத்திவிட்டு அவர் எனக்கு முன்னால் வந்து இடுப்பு வளையக் குனிந்தார். என் பஸ்ஸில் ரிக்கெற் எடுக்காதவன்தான் அப்படிக் குனிவான்.

"ஐயா, உங்கட அப்புவின்ர ஞானஸ்நானப் பதிவில பேருக்கு முன்னால 'தொன்' எண்டு கிடக்கு. கண்டிருக்கிறீங்களோ?"

"கண்டிருக்கிறன். எங்கட பக்கத்தில பாதிச் சனத்துக்குக் கிடக்கும். ஆடு மேய்ச்சவனுக்கும் கிடந்தது."

"அவனுக்குச் சும்மா கிடந்திருக்கும். உங்களுக்கு ராசா குடுத்தது."

"எந்த ராசா?"

"ஸ்பெயின் ராசா."

"எங்கட பக்கத்துக்கு வந்தவன் போத்துக்கீசன் எல்லோ?"

"அதிலதான் விஷயம் கிடக்கு!" என்று கோப்பைத் திறந்தார். ஒரு அறுபது வருடம் ஸ்பெயின் ராசாதான் போர்த்துக்கல்லுக்கும் ராசாவாக இருந்தாராம். அந்த நேரம் முத்துக்குளிப்பில் உதவி செய்த எங்கள் பூட்டனுக்குப் பூட்டன் ஒருவனுக்கு 'பரோன் டி லாஸ் பெர்லாஸ்' என்று பட்டம் கொடுத்தாராம். முத்துக்களின் பரோன். கடுதாசி எங்கே என்று கேட்டேன். ஸ்பெயினில் ஒரு பழைய பத்திரச் சாலையில் அதைப்பற்றி எழுதின இன்னொரு கடுதாசி இருக்கிறதாம்.

"அப்ப அசல் இல்லை."

"வரும், ஐயா."

பிறகு பட்டங்களைச் சொல்லத் தொடங்கினார். கொண்டக்டர் தரிப்பிடம் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். உச்சியில் ராசா, அவரை மகாராச மகிமை என்று சொல்ல வேணும். அவருக்குப் பிறகு முடிக்கு வருகிற பிள்ளை. இப்போது அது பெண்பிள்ளை, அஸ்தூரியாஸின் இளவரசி என்று பெயர். மற்றப் பெண்பிள்ளை இன்ஃபாந்தா. அதற்குக் கீழே டியூக், மார்க்கேஸ், கோந்தே, பிஸ்கோந்தே. அதற்கும் கீழே பரோன்.

"அப்ப எங்களைக் கடைசித் தரிப்பிடத்தில இறக்கிப்போட்டார் ராசா."

"பரோனும் பிரபுதான், ஐயா. 'இலுஸ்திரீசிமோ' எண்டுதான் கூப்பிடோணும். மகா கீர்த்தி பெற்றவர் எண்டு கருத்து. பெரிய பிரபுக்களுக்கு 'எக்ஸலெந்தீசிமோ'. அவை கிராந்தே எண்டு ஒரு பகுதி. முந்தியெல்லாம் அவை ராசாவுக்கு முன்னால தொப்பி கழட்டத் தேவையில்லை. அப்பிடி ஒரு உரிமை."

என் தலையில் கம்பளித் தொப்பி இருந்தது. ஏப்ரல் மாதம் போட்டால் நான் அதை ஒக்டோபரில்தான் எடுப்பேன்.

"நான் பூசையிலயும் குளிக்கேக்கையும் மட்டுந்தான் கழட்டுறனான். எனக்கென்னத்துக்கு அந்த உரிமை?"

யுவனேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள். "அப்ப நான் என்னா? பரோன் வீட்டு மருமகளா?"

"கிளமெண்ட் தம்பி பட்டத்துக்கு வந்தால் நீங்கள் பரோனேசா. இலுஸ்திரீசிமா செனோரா."

"அத கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிடும் லா" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

கிளமெண்ட் சிரிக்கவில்லை. முழங்காலில் கை வைத்தபடி, பள்ளிக்கூடத்தில் முதல் வாங்கில் இருக்கிற பிள்ளை மாதிரி இருந்தான். அவன் அப்படி ஒரு விஷயத்தை விரும்பி நான் கண்டு கனகாலம்.

"அப்பா, நீங்கள் பகிடியாய் எடுக்கிறீங்கள். பதினாறு வருசம் ஒரே கம்பனி. என்னட்டை வேலை பழகின பொடியன் இப்ப எனக்கு மனேஜர். என்ர பேரை ஒரு நாளும் முழுசாய்ச் சொன்னதில்லை. மேட், கிளெம், அவ்வளவுதான். நாங்களும் ஒரு இடத்திலயிருந்து வந்த ஆக்கள் எண்டு ஒரு கடுதாசியிலயாவது கிடக்கட்டுமே."

அதற்குப் பகிடி விட எனக்கு மனம் வரவில்லை. அவன் அகதியாக வந்த காலத்தில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

மகேந்திரராஜா அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த தாளை எடுத்தார்.

"முந்தி இந்தப் பட்டங்கள் ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதல் போகும். இரண்டாயிரத்து ஆறில அங்க சட்டத்தை மாத்திப்போட்டினம். இப்ப ஆணோ பெண்ணோ, ஆர் மூத்ததோ அவைக்குத்தான். பங்கு பிரிக்கேலாது. ஒராளுக்குத்தான் பட்டம். மற்றவைக்கு வெறும் தொன். ஐயாவுக்கு மூத்த சகோதரி ஒராள் இருந்திருக்கிறா. பிலோமினா."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மாமி சின்ன வயசிலயே காய்ச்சலில செத்திட்டா" என்றான் கிளமெண்ட். அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

"தெரியும், தெரியும். ஆதாரம் எடுத்திட்டன்." ஒரு பழைய பத்திரிகைத் துண்டின் பிரதியை என் மடியில் வைத்தார். எண்பத்துநாலாம் ஆண்டு. என் அம்மாவின் மரண அறிவித்தல். எழுத்துக் கூட்டி வாசித்தேன். *அன்னார் காலஞ்சென்ற தொன் அந்தோனிப்பிள்ளையின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற பிலோமினா, சவரிமுத்து (சாரதி, இ.போ.ச., மன்னார்) ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார்.*

"இது காணாது. ஐயா ஒரு சத்தியக் கடுதாசி வைக்கோணும். சகோதரி காலமாகிட்டா, அவவுக்குப் பிள்ளையள் இல்லை, இப்ப மூத்த வாரிசு நான்தான் எண்டு. இங்க பார்மசிக்காரரும் சாட்சிக் கையெழுத்து வைக்கலாம். சனிக்கிழமை போவம்."

"ஓம், சனிக்கிழமை நான் வீட்டிலதான்" என்றான் கிளமெண்ட். என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் எப்போதும் வீட்டில்தானே.

அந்த அறிவித்தலை எழுதக் கொடுத்தவன் நான்.

அக்கா அறுபத்துநாலில் வீட்டை விட்டுப் போனாள். சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு சைவப் பொடியனோடு. அப்போது எனக்குப் பதினேழு வயது. அப்பா அவளுடைய உடுப்பையெல்லாம் வளவுக்குள் போட்டுக் கொளுத்தினார். அவள் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றார். எடுக்கவில்லை. அப்பா செத்த பிறகும் எடுக்கவில்லை. அம்மா செத்த அன்று பத்திரிகை ஏஜண்டின் கடையில் போய் நின்றேன். ரேடியோவுக்கும் அவர்தான் அனுப்புவார். பிள்ளைகளின் பெயரைக் கேட்டார். பிலோமினா, சவரிமுத்து என்றேன். அவரும் எங்கள் ஊர்தான். பேனையை நிறுத்திவிட்டு, "மூத்தவவை எப்பிடிப் போட?" என்று கேட்டார்.

பெயரை விட்டிருக்கலாம். விட்டால் ஏன் விட்டது என்று ஊர் கதைக்கும். உயிரோடு போட்டால் புருசன் பெயரையும் போட வேணும். ஆர் என்னைக் கட்டாயப்படுத்தினது? ஒருத்தரும் இல்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வீட்டுக்கு மூத்த ஆம்பிளை நான்.

"காலஞ்சென்ற எண்டு போடுங்கோ" என்றேன்.

அந்தக் காலம் ரேடியோவில் மரண அறிவித்தல் போகும்போது வீட்டில் கரண்டிச் சத்தமும் கேட்காது. அக்கா வவுனியாவில் இருந்து கேட்டிருக்கிறாள். அம்மா செத்ததை அப்படித்தான் அறிந்தாள். அதே மூச்சில் தான் செத்ததையும் அறிந்தாள். அடுத்த நாள் அம்மாவை அடக்கம் பண்ணின சேமக்காலை வாசலில் வந்து நின்றாள். ஐந்தாறு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். சனம் முழுக்க அவளைத் தாண்டித்தான் போய் வந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கிறது எவ்வளவு பாரமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ் தள்ளுகிற மாதிரி இருந்தது.

பிறகு சண்டையில் ஊரே கலைந்து போனது. உண்மை தெரிந்தவர்கள் ஒவ்வொரு நாட்டுக்குப் போனார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

மூன்று வருடத்துக்கு முன் யுவனேஸ்வரியின் சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கு சிட்னி போனோம். என்னைப் பென்டில் ஹில்லில் ஒரு தமிழ்க் கடையில் விட்டுவிட்டு அவர்கள் உடுப்புத் தைத்ததை எடுக்கப் போனார்கள். முருங்கைக்காய் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவி நின்று ஒவ்வொன்றாய் முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா அப்படித்தான் முறுக்குவா. கிழவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சவரி" என்றாள். "என்னடா, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்? நான் செத்து முப்பத்தெட்டு வருசம். நீ எப்பிடிச் சுகம்?"

கடைப் பில்லின் பின்பக்கத்தில் நம்பர் எழுதித் தந்தாள். அன்று தொடங்கி ஒவ்வொரு வியாழக்கிழமையும், வீட்டில் ஆள் இல்லாத காலை நேரத்தில் கூப்பிடுகிறேன். மன்னிப்புக் கேட்டதில்லை. அவளும் கேட்கச் சொல்லவில்லை. கால் நோவைப் பற்றியும் புளியின் விலையைப் பற்றியும் கதைப்போம். சைக்கிள் கடைக்காரர் சண்டையில் செத்துப்போனார். அக்கா மகள் ராதாவோடு இருக்கிறாள். ராதா நேர்ஸ். என்னோடு ஒரு சொல்லும் கதைத்ததில்லை. சேமக்காலை வாசலில் நின்ற பிள்ளை அவள்தான். எப்படி மறப்பாள்?

கிளமெண்டுக்கு இதை நான் சொல்லவில்லை. சொல்ல வாய் எடுத்த நாட்களும் உண்டு. ஒன்றைச் சொன்னால் முழுதையும் சொல்ல வேணும். அவன் வீட்டுக்குள் இருந்துகொண்டு, அவன் தந்த அறையில் படுத்துக்கொண்டு, உன் அப்பன் இப்படிப்பட்டவன் என்று எந்த வாயால் சொல்வது? சொன்ன பிறகு எழும்பிப் போகவும் எனக்கு ஒரு இடம் இல்லை.

அந்த வியாழக்கிழமை அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டம், பரோன், ராசா, புதுச் சட்டம்.

அவள் இருமல் வரும்வரை சிரித்தாள். "அப்ப அது எனக்கோ வருது? நான் தோனா பிலோமினாவோ? எடேய், இங்க என்னை அன்ரி எண்டுகூட ஒழுங்காய்க் கூப்பிட ஆளில்லை."

"அக்கா, பகிடி விடாதை. சனிக்கிழமை கையெழுத்துக் கேக்கிறாங்கள்."

"என்னெண்டு?"

"நீ செத்திட்டாய் எண்டு."

"வையன். அது ஏற்கெனவே பேப்பரில வந்ததுதானே. ரேடியோவிலயும் சொன்னது."

 அவளே கேட்டாள். "அவ்வளவுதானோ?"

"பிள்ளையள் இல்லை எண்டும் கிடக்கு."

மற்றப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"சவரி," என்றாள். "என்னைச் சாக்காட்டினாய். சரி. நான் உன்ர அக்கா, அது எங்கட கணக்கு. ஆனா ராதா பிறக்கேல்லை எண்டு மட்டும் எழுதாதை. அதை மட்டும் எழுதாதை."

போனை வைத்துவிட்டாள். எங்கள் வியாழக்கிழமைகளில் அவள் முதலில் வைத்தது அன்றைக்குத்தான்.

திரும்பினால் யுவனேஸ்வரி குசினி வாசலில் நிற்கிறாள். சால்வை போர்த்தியிருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் அறைக்குள் படுத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"செத்தவங்க கூட போன்ல பேசுற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன், மாமா."

"கேட்டுப்போட்டியோ?"

"ஒங்களுக்குக் காது கேக்காதுன்னு நீங்க ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுறீங்க. தெருவுக்கே கேட்டிருக்கும்."

"கிளமெண்டிட்டைச் சொல்லப்போறியோ?"

"நான் எதுக்கு? எனக்கு வேற வேலை இல்லையா?" மூக்கைத் துடைத்தாள். "ஒண்ணு மட்டும் கேக்குறேன். நானும் இந்து. என்னைக் கட்டுனப்ப நீங்கதான் முன்னால நின்னு மோதிரம் எடுத்துக் குடுத்தீங்க. அப்ப அக்கா ஞாபகம் வரலையா?"

"வந்தது."

"வந்தும்?"

எழும்பி என் அறைக்குள் போனேன். அந்த வீட்டில் எனக்குப் போக இருக்கிற இடம் அது ஒன்றுதான். ஜன்னலால் பார்த்தால் வேலியும், வேலிக்கு அப்பால் ஃப்ரீவேயில் போகிற லொறிகளின் மேல்பாதியும் தெரியும். சக்கரம் தெரியாது. இரண்டு நாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து வைத்தால் ராதா பிறக்கவில்லை. வைக்காவிட்டால் ஏன் என்று சொல்ல வேணும்.

சனிக்கிழமை காலை என்னைக் காரில் ஏற்றினார்கள். கிளமெண்ட் எனக்குக் கோட்டுப் போட்டுவிட்டான். பெல்ட்டையும் அவனே குனிந்து கொழுவினான். மகேந்திரராஜா பின் சீட்டில் இருந்து, பட்டம் வந்தால் கடிதத்தாளின் தலைப்பில் எந்தப் பக்கம் முடிச்சின்னம் போடுவது என்று சொல்லிக்கொண்டு வந்தார். பரோனுடைய முடியில் முத்துச்சரம் சுற்றியிருக்குமாம். கிளமெண்ட் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றான். அவன் சேவ் எடுத்து, நல்ல சேட்டுப் போட்டிருந்தான். 

நாங்கள் போனது நான் பிறசர் குளிசை எடுக்கிற அதே பார்மசி. வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைக்கு என்னைத் தெரியும். எங்களுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் தாளை வாசித்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள். கிளமெண்ட் தமிழில் சொன்னான்: "இதில கிடக்கிறது உண்மையோ எண்டு கேக்கிறா, அப்பா. ஓம் எண்டு சொல்லிப்போட்டு வையுங்கோ."

அவள் இன்னும் ஒன்று சொன்னாள். அவன் அதைச் சொல்லவில்லை. ஆனால் அதில் 'ஒஃபென்ஸ்' என்று ஒரு சொல் இருந்தது. முப்பத்தொரு வருடம் பொலிஸ்காரர் என்னிடம் சொன்ன சொல். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

பேனையைத் தந்தாள். கவுண்டரில் சங்கிலி போட்டுக் கட்டின பேனை. ஒரு பக்கம் மகன், மற்றப் பக்கம் மகேந்திரராஜா, முன்னால் கண்ணாடி, பின்னால் வரிசை. பேனையைத் தாளில் வைத்தேன். 'ச' என்று எழுதத் தொடங்கின கை நின்றது. ஏஜண்டின் கடையில் நின்ற அதே நிற்பு. அன்றைக்கு எழுதினது வேறு ஒருத்தர் கை என்று எனக்குள் ஒரு சாட்டு இருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை.

"அக்கா சாகேல்லை" என்றேன்.

"என்ன?"

"பிலோமி அக்கா சாகேல்லை. பென்டில் ஹில்லில இருக்கிறா. மகளோட. வியாழக்கிழமையும் கதைச்சனான்."

கிளமெண்ட் பார்மசிப் பிள்ளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பான். "அப்பா, மாமி செத்திட்டா. நான் சின்னனில ஒவ்வொரு மரித்தோர் நாளும் அப்பாச்சியின்ர கல்லறையில மாமிக்கெண்டு மெழுகுதிரி கொளுத்தினனான்."

"ஓம். நெருப்புப் பெட்டி தந்தது நான்தான்."

பின்னால் நின்ற ஒரு மனிசி செருமினாள். நாங்கள் ஒதுங்கி, மூக்குக் கண்ணாடிகள் தொங்குகிற இடத்தில் போய் நின்றோம். அங்கே வைத்து முழுதையும் சொன்னேன். சைக்கிள் கடை, ஏஜண்ட், ரேடியோ, சேமக்காலை வாசல். சுருக்கமாகத்தான் சொன்னேன். நீட்டிச் சொன்னால் அதில் எனக்கு ஒரு நியாயம் வந்துவிடும்.

கிளமெண்ட் ஒரு கண்ணாடியை எடுத்தான், திரும்பக் கொழுவினான்.

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ என்னை எப்பிடிப் பாப்பாய் எண்டு பயம். இப்ப பாக்கிறியே, இப்பிடித்தான்."

"அவ செய்தது என்ன? ஒரு சைவக்காரரைக் கட்டினதோ?"

"அதுதான். நீயும் அப்பிடித்தான் கட்டினனி. உன்னை ஒருத்தரும் ரேடியோவில வாசிக்கேல்லை."

அவன் தன் சேட்டின் கைப்பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். அந்த நல்ல சேட்டோடு அவன் அப்படி நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கு ஒரு மாமி கிடைத்தாள் என்று அவன் நினைக்கவில்லை. அப்பனை இழந்தான் என்றுதான் நினைத்தான். அது சரிதான்.

மகேந்திரராஜா மட்டும் கலங்கவில்லை. கோப்பில் ஒரு புதுத் தாளை எடுத்து, பேனை மூடியைப் பல்லால் கழற்றினார்.

"அப்ப அம்மாவுக்கு வயசு எண்பத்திரண்டு வருமோ? நல்லது. புதுச் சட்டப்படி அவதான் பரோனேசா. அவவுக்குப் பிறகு மகள். மகளின்ர பேர் என்ன, ஐயா? இது இன்னும் வடிவான கேஸ். ஒரு பொம்பிளை வாரிசு எண்டால் அங்க கவனிப்பினம்."

"அப்ப எனக்கு?" என்றான் கிளமெண்ட். கேட்க நினைத்துக் கேட்டதில்லை, வாயில் வந்துவிட்டது.

"உங்களுக்குத் தொன் போடலாம், தம்பி. அது ஆருக்கும் போடலாம்."

"ஆடு மேய்ச்சவனுக்கும்" என்றேன்.

கிளமெண்ட் அவரைப் பார்த்த பார்வையில் மூன்று மாதத்து ஆசை முழுக்க வடிந்தது. ஆனால் அவரைப் போகச் சொல்லவும் இல்லை. கார்ச் சாவியை விரலில் சுற்றினான். "கார்ல ஏறுங்கோப்பா. வீட்டை போய்க் கதைப்பம்."

"நான் நடந்து வாறன்."

"உங்களுக்குப் பாதை தெரியாது."

"அம்பது பேரை ஏத்திக்கொண்டு மழைக்குள்ள மன்னார்ப் பாலம் கடந்தனான். இது ரெண்டு றவுண்ட்எபவுட்."

"அப்பா, பிளீஸ்."

"போட்டு வாறன்."

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. எந்தப் போனுக்கும் செய்தி போகவில்லை. வெளியே தூறல். மகேந்திரராஜா கார் நிறுத்துகிற இடம்வரை பின்னால் ஓடி வந்தார்.

"ஐயா, அம்மாவின்ர நம்பரையாவது தாங்கோ."

"ராசாவைக் கேக்கச் சொல்லுங்கோ."

"நீங்கள் நம்புறீங்கள் இல்லை. உண்மையாய் ராசாதான் கையெழுத்து வைப்பார், ஐயா. அவையின்ர அரச பத்திரிகையில அச்சடிச்சு வரும். அச்சில வந்தால் பிறகு ஒருத்தரும் மறுக்கேலாது."

நின்று அவரைப் பார்த்தேன். கோப்பை நெஞ்சோடு அணைத்து மழைக்கு மறைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் நம்பித்தான் சொன்னார்.

"தம்பி, அச்சில வந்ததைப் பற்றி எனக்குச் சொல்லாதையும்," என்றேன். "அச்சுக்குக் குடுத்தவன் நான்."

தொப்பியைக் காது மூடும்வரை இழுத்துவிட்டு நடந்தேன். நானூறு வருடத்துக்கு முந்தி ஒரு ராசா எழுதினான் என்கிறார்கள். அவனுக்கும் பக்கத்தில் ஒருத்தன் நின்று இவன் பெயரைப் போடு, அவள் பெயரை விடு என்று சொல்லியிருக்க மாட்டானா? மூத்தவளுக்குத்தான் பட்டம் என்று இப்போது சட்டம் போட்டிருக்கிறார்களாம். நல்லது. ஆனால் அந்த மூத்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று என்னைப் போல ஒரு தம்பியிடம்தானே கேட்கிறார்கள்.

வீட்டுச் சாவி என்னிடம் இல்லை. வேறு போக இடமும் இல்லை. இரண்டாவது றவுண்ட்எபவுட்டில் கிளமெண்டின் கார் என்னைத் தாண்டி மெல்லப் போனது. பின் சீட்டில் மகேந்திரராஜா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிற்பாட்டுவான் என்று நினைத்தேன். வேகம் குறைந்தது, பிறகு போய்விட்டது. நான் நடையை நிறுத்தவில்லை. பரோனாம். முத்துக்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை.